கழுகுகள் வாராத கழுக்குன்றம்
பட்சி தீர்த்தத்தின் வரலாறும் பாறு இனத்தின் வீழ்ச்சியும்

தொண்டை நாட்டுத் திருத்தலங்களுள் சிறப்பு வாய்ந்தது திருக்கழுக்குன்றம். செங்கற்பட்டிற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே அமைந்த இத்தலத்தில், வேதமே மலையாய் நின்றமையால் வேதகிரி எனப் பெயர் பெற்ற குன்றின் உச்சியில் வேதகிரீசுவரர் எழுந்தருளியுள்ளார். மலையடிவாரத்தில் பக்தவத்சலேசுவரரும் அன்னை திரிபுரசுந்தரியும் அருள் பாலிக்கின்றனர். திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர், சுந்தரர் ஆகிய மூவராலும் பாடப்பெற்ற தலம் இது. மணிவாசகப் பெருமானும் திருவாசகத்தில் இத்தலத்திற்கெனத் தனியே ஒரு பதிகம் அருளியுள்ளார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை சங்கு தோன்றும் சங்கு தீர்த்தமும் இவ்வூரின் பெருமையாகும்.

இத்தலத்தின் புகழைக் கடல் கடந்த நாடுகளுக்கும் கொண்டு சென்றவை இரண்டு பறவைகள். நாள்தோறும் உச்சிவேளையை ஒட்டி இரண்டு வெண்ணிறக் கழுகுகள் வானில் வட்டமிட்டு இறங்கி, மலைப்பாறையில் அர்ச்சகர் அளிக்கும் அமுதை உண்டு மீளும். மலேசியா, சிங்கப்பூரிலிருந்து தமிழகத்திற்குத் தலயாத்திரை சென்ற முன்னோர் பலர், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி அக்காட்சிக்காக வெயிலில் காத்திருந்தனர். இன்றும் அப்படிகள் உள்ளன, பாறையும் உள்ளது, அன்றாட வழிபாடும் குறைவின்றி நடைபெறுகின்றது. ஆனால் கழுகுகள் வருவதில்லை. 1990களின் பிற்பகுதியோடு அவற்றின் வரவு நின்றுவிட்டது.

அப்பறவைகள் யாவை, அவற்றின் இனத்திற்கு நேர்ந்தது என்ன, அதனால் மனித குலம் இழந்தது என்ன என்பவற்றை அறிவது, அத்தலத்தைப் போற்றும் மெய்யன்பர்களின் கடமை எனலாம்.

தலபுராணமும் வரலாறும்

சாபத்தால் கழுகு உருவம் பெற்ற முனிவர் எண்மர், யுகத்திற்கு இருவராக இம்மலையில் இறைவனை வழிபட்டு முத்தி பெறுவர் என்பது தலவரலாறு. திரேதா யுகத்தில் அவ்வாறு வழிபட்டவர்கள் சம்பாதியும் சடாயுவும் என்பர். கலியுகத்துப் பறவைகள் காலையில் கங்கையில் நீராடி, நண்பகலில் கழுக்குன்றில் அமுது உண்டு, மாலையில் இராமேசுவரத்தில் வழிபட்டு, இரவில் தில்லையில் தங்குகின்றன என்று மக்கள் நம்பினர். குறித்த நாளில் அவை வாராவிடில், கூடியிருப்போருள் பாவம் செய்தவர் எவரோ உள்ளார் என்று சொல்லும் வழக்கமும் இருந்தது. பட்சி தீர்த்தம் என்ற பெயர் இத்தலத்திற்கு அமைந்ததும் இப்பறவைகளாலேயே ஆகும்.

கல்வெட்டுகளும் இத்தலத்தின் தொன்மைக்குச் சான்று பகர்கின்றன. கந்தசிஷ்யன் என்னும் மன்னன் இக்கோயிலுக்கு அளித்த நிலக்கொடையை, வாதாபி கொண்ட நரசிங்கப் பல்லவன் காத்து வந்தான் என்றும், பின்னர் முதலாம் ஆதித்த சோழன் அதனைப் புதுப்பித்தான் என்றும் இங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது. ஒரு மன்னன் தொடங்கிய அறத்தை வேற்று மரபினனும் தொடர்ந்து காத்தான் என்பது இக்கல்வெட்டு உணர்த்தும் உண்மையாகும். குன்றில் குடையப்பெற்ற ஒருகல் மண்டபத்தில், 17ஆம் நூற்றாண்டில் அருகிலிருந்த சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் பொறித்துச் சென்ற பெயர்களை இன்றும் காணலாம்.

இங்கு வந்த பறவைகள், மஞ்சள்முகப் பாறு எனப்படும் கழுகு வகையைச் சேர்ந்தவை. வெண்ணிற உடலும், மயிரற்ற மஞ்சள் முகமும், மெல்லிய அலகும் உடைய சிறிய பாறு இது. நெய்யும் சர்க்கரையும் கலந்த அன்னத்தை உண்ணப் பழகியவை இவை. பறவைகளுக்கு நூற்றாண்டுக் கணக்கில் ஆயுள் இல்லை. ஆகவே ஓர் இணை மறைய மற்றோர் இணை அதன் இடத்தைப் பெற்று, தலைமுறை தலைமுறையாக அவ்வழக்கம் தொடர்ந்தது என்று கொள்வதே பொருந்தும். இதனால் தலத்தின் அருமை குறைவதில்லை. மனிதருள் அர்ச்சகர் மரபு தொடர்ந்தது போலவே பறவைகளுள்ளும் ஒரு மரபு தொடர்ந்தது என்பது வியந்து போற்றத்தக்கதன்றோ!

இலக்கியம் கண்ட பாறு

சங்கப் புலவர்கள் இப்பறவைகளைப் பாறு என்றும் எருவை என்றும் கழுகு என்றும் வேறுபடுத்தி அறிந்திருந்தனர். போர்க்களத்திலும் பாலை நிலத்திலும் அவை வட்டமிடும் காட்சி பழம்பாடல்களில் பல இடங்களில் வருகின்றது. ஆயினும் தமிழர் நெஞ்சில் நீங்கா இடம் பெற்ற கழுகு சடாயுவே ஆகும். சீதாபிராட்டியைக் காக்க முதுமையிலும் இராவணனோடு பொருது உயிர் நீத்த அப்பறவையைத் தன் தந்தையாகவே கருதி இராமபிரான் இறுதிக்கடன் ஆற்றினார். கம்பரும் இதற்கெனச் சடாயு உயிர் நீத்த படலம் என்று ஒரு படலம் அமைத்தார்.

வைத்தீசுவரன் கோயிலின் பழம்பெயர் புள்ளிருக்குவேளூர் என்பதாகும். புள் என்பது அங்கே வழிபட்ட சடாயுவைக் குறிக்கும். அவ்வாலயத்தில் சடாயு குண்டம் இன்றும் உள்ளது. காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்புட்குழியும், கும்பகோணத்திற்கு அருகிலுள்ள திருப்புள்ளபூதங்குடியும் சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த வரலாற்றோடு தொடர்புடைய வைணவத் திருப்பதிகள். பிணந்தின்னும் பறவை என்று உலகம் இகழும் ஓர் உயிரைச் சைவமும் வைணவமும் ஒருங்கே வணங்கத்தக்க நிலைக்கு உயர்த்தின என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

பாறு ஆற்றும் பணி

பாறு வேட்டையாடுவதில்லை, உயிருள்ளதைக் கொல்வதில்லை. இறந்ததை மட்டுமே நாடும் அறவோன் அது. ஊர்ப்புறத்தில் ஒரு மாடு இறந்து கிடந்தால், பெருங்கூட்டமாக இறங்கும் பாறுகள் ஒரு மணி நேரத்திற்குள் எலும்பை மட்டும் எஞ்சவிட்டு அகலும். அழுகிய ஊனில் பெருகும் கொடிய கிருமிகளையும் அழிக்கவல்ல கடுமையான அமிலம் அதன் இரைப்பையில் சுரக்கின்றது. அதன் தலையும் கழுத்தும் மயிரற்றிருப்பது அழகின்மை அன்று; குருதியும் அழுக்கும் ஒட்டாமல் தூய்மையாக இருப்பதற்கு இயற்கை வகுத்த ஏற்பாடு.

பசுவைத் தெய்வமாகப் போற்றும் பாரதத்தில் பெருந்தொகையான மாடுகள் முதுமையுற்றே இறக்கின்றன. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டின் கால்நடைகள் 53 கோடிக்கும் மேல். இறந்தவற்றின் தோலை உரித்து, உடலை ஊருக்கு வெளியே இடுவது பன்னெடுங்கால வழக்கம். அதன் பிறகு நடக்க வேண்டியதைப் பாறுகளே செய்தன. ஊதியமின்றி, ஓய்வின்றி, எவரும் ஏவாமல் நடந்த துப்புரவுப் பணி அது. அது நடக்கின்றது என்பதையே மக்கள் கவனித்திலர்.

கருணையில் கலந்த நஞ்சு

1980களில் வெண்முதுகுப் பாறு உலகிலேயே மிகுதியாகக் காணப்பட்ட பெரும் ஊனுண்ணிப் பறவைகளுள் ஒன்றாக விளங்கியது. பாரதத்தில் அவை கோடிக்கணக்கில் இருந்தன. இராசத்தான் மாநிலத்துப் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1980களின் இறுதியில் 350க்கும் மேற்பட்ட கூடுகள் இருந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1990களின் நடுவில் மீண்டும் கணக்கெடுத்தபோது அவை பாதிக்கும் கீழாகக் குறைந்திருந்தன. கழுத்து தொங்கியவாறு பல நாட்கள் கிளைகளில் சோர்ந்திருந்து, பின்னர் பறவைகள் வீழ்ந்து மடிந்தன. அடுத்த சில ஆண்டுகளில் அங்கே ஒரு கூடுகூட எஞ்சவில்லை.

பரத்பூரில் கண்டது நாடெங்கும் நிகழ்ந்தது. 1992 முதல் 2007 வரையிலான காலத்தில் வெண்முதுகுப் பாறுகளின் தொகை 99.9 விழுக்காடு வீழ்ந்தது. அதாவது ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் ஒன்றே எஞ்சியது. நீண்ட அலகுடைய மற்ற இரு இனங்களும் ஏறத்தாழ 97 விழுக்காடு குறைந்தன. கழுக்குன்றின் உறவான மஞ்சள்முகப் பாறும் தப்பவில்லை. 2003ஆம் ஆண்டுக்குள் அதுவும் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது. மலையில் கழுகுகளின் வரவு நின்ற காலமும், நாட்டில் அவற்றின் இனம் சரிந்த காலமும் ஒன்றே என்பது குறிப்பிடத்தக்கது.

தொடக்கத்தில் இதனை ஒரு தொற்றுநோய் என்றே அறிஞர் பலரும் கருதினர். அமெரிக்க அறிஞர் லின்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழுவினர் பாகிஸ்தானில் இறந்த பறவைகளை ஆராய்ந்து, 2004ஆம் ஆண்டு சனவரியில் உண்மையை வெளியிட்டனர். நோயன்று, மருந்தே காரணம். மாடுகளின் வலியையும் வீக்கத்தையும் தணிக்க ஊசியாக இடப்பெற்ற டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் ஊனில் தங்கி, அதனை உண்ட பாறின் சிறுநீரகங்களைச் செயலிழக்கச் செய்தது. உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெண்பொடியாய்ப் படிய, பறவை சில நாட்களில் இறந்தது.

இம்மருந்து 1990களில் விலை மலிந்து சிற்றூர்கள் வரை பரவியது. அதனை இட்ட உழவனின் நெஞ்சில் தீமை இல்லை. முடங்கிக் கிடக்கும் மாட்டின் துன்பம் தணிய வேண்டும் என்ற இரக்கமே இருந்தது. நூறு மாட்டுடல்களில் ஒன்றில்கூட இம்மருந்து இருக்க வேண்டியதில்லை, அதனினும் குறைந்த அளவே இவ்வினங்களை அழிக்கப் போதும் என்று அறிஞர்கள் கணித்தனர். பாறுகள் கூட்டமாக உண்பன. ஆதலின் ஓர் உடலிலுள்ள நஞ்சு பல பறவைகளைக் கொல்லும். மேலும் பாறு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும். குஞ்சு பருவமடைய ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். விரைந்து இழந்ததை விரைந்து ஈடுசெய்ய அவ்வினத்தால் இயலாது.

மக்கள் கொடுத்த விலை

பாறுகள் மறைந்தபின் மாட்டுடல்கள் கிடந்த இடத்திலேயே அழுகின. தெருநாய்கள் அங்கே பெருகின. நாய்களால் பாறுகளைப் போல் விரைந்தும் முற்றாகவும் உண்ண இயலாது. கிருமிகளை அழிக்கும் ஆற்றலும் அவற்றிற்கு இல்லை. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, பாறுகளின் வீழ்ச்சியால் நாய்களின் தொகை 55 இலட்சம் அளவிற்கு உயர்ந்தது என்றும், அதனால் 1992க்கும் 2006க்கும் இடையே ஏறத்தாழ 48,000 பேர் வெறிநாய்க்கடி நோயால் கூடுதலாக இறந்திருப்பர் என்றும் மதிப்பிட்டது.

2024ஆம் ஆண்டில் இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ஆகிய இரு பொருளியல் அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் அதிர்ச்சியளிப்பது. முன்பு பாறுகள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களையும் அவை இல்லாத மாவட்டங்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். பாறுகளை இழந்த மாவட்டங்களில் மக்களின் இறப்பு விகிதம் 4 விழுக்காட்டிற்கும் மேல் உயர்ந்திருந்தது. 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் மட்டும் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் கூடுதலாக இறந்தனர் என்பது அவர்களது கணிப்பு. நீர்நிலைகள் மாசுற்றதும், நோய்க்கிருமிகள் பரவியதும், நாய்கள் பெருகியதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. இறந்தவர்களுள் எவரும் தம் சாவிற்கு ஒரு பறவையின் மறைவு காரணமென்று அறிந்திருக்க மாட்டார்.

சமயக் கடன் ஒன்றும் இதனால் தடுமாறியது. மும்பை மலபார் குன்றிலுள்ள அமைதிக் கோபுரங்களில் பார்சி மக்கள் தம்முள் இறந்தோரின் உடலைப் பறவைகளுக்கு ஈவது தொன்றுதொட்ட மரபு. நீரையும் நெருப்பையும் நிலத்தையும் மாசுபடுத்தலாகாது என்பது அவர்தம் கோட்பாடு. பாறுகள் இல்லாது போகவே, கதிரவன் ஒளியைக் குவித்து உடலை உலர்த்தும் கருவிகளை நிறுவ நேர்ந்தது. கழுக்குன்றின் நண்பகல் அமுதும், மலபார் குன்றின் இறுதிக்கடனும் ஒரே காலத்தில் ஒரே காரணத்தால் குலைவுற்றன எனக் கருத இடமுண்டு.

சடாயுவின் பெயரால் ஒரு புத்துயிர்

உண்மை வெளிப்பட்டபின் அரசுகள் வாளாவிருக்கவில்லை. 2006ஆம் ஆண்டில் இந்தியாவும் நேபாளமும் பாகிஸ்தானும் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் இடுவதைத் தடை செய்தன. வங்காளதேசம் 2010இல் தடை விதித்தது. மாடுகளுக்கும் பயன்தந்து பாறுகளுக்கும் தீங்கு செய்யாத மெலோக்சிகாம் என்னும் மாற்று மருந்தும் கண்டறியப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டிற்கு இடும் தீய வழக்கத்தைத் தடுக்க, 2015இல் அம்மருந்தின் ஊசிக்குப்பி 3 மில்லிலிட்டருக்கு மிகாதிருக்க வேண்டுமென இந்தியா விதித்தது. பாறுகளைக் கொல்லும் வேறு மருந்துகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023இல் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. நிமசுலைடு 2024 டிசம்பரில் விலக்கப்பட்டது.

அரியானா மாநிலத்துப் பிஞ்சோரில் 2001இல் தொடங்கிய பாறு பராமரிப்பு நிலையம், பின்னர் இனப்பெருக்க மையமாக வளர்ந்தது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் சடாயு என்பதே. அங்கே வளர்ந்த வெண்முதுகுப் பாறுகளுள் எட்டு 2020ஆம் ஆண்டில் வானில் விடப்பட்டன. மேற்கு வங்காளம், அசாம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலும் இத்தகைய மையங்கள் உள்ளன. கருநாடகத்தின் இராமநகரத்தில் இராமதேவர் மலை, 2012இல் பாறுகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

நேபாளத்து மக்கள் செய்த ஏற்பாடு பெரிதும் போற்றத்தக்கது. பித்தௌலி என்னும் ஊரில் 2006இல் சடாயு உணவகம் ஒன்றை அமைத்தனர். உழைத்து ஓய்ந்த முதிய மாடுகளை ஏற்று, அவை இயற்கையாக இறக்கும்வரை பேணி, நஞ்சில்லா அவ்வுடலைப் பாறுகளுக்கு அளிக்கின்றனர். பசுவிற்கு நன்முதுமையும் பாறிற்கு நல்லுணவும் ஒரே அறத்தால் கிட்டுகின்றன. நேபாளத்தில் வெண்முதுகுப் பாறுகளின் வீழ்ச்சி நின்று, அவை மெல்லப் பெருகி வருகின்றன.

தமிழகத்தில் நீலகிரி மலையடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தென்னிந்தியப் பாறுகளின் தலையாய புகலிடமாகும். ஆற்றங்கரை நீர்மருத மரங்களில் அவை கூடு கட்டுகின்றன. கோவையைச் சேர்ந்த அருளகம் என்னும் அமைப்பு, மருந்துக் கடைகளிலும் சிற்றூர்களிலும் பழங்குடி மக்களிடையிலும் பல ஆண்டுகளாக இவ்விழிப்புணர்வைப் பரப்பி வருகின்றது. பாறு என்னும் பழந்தமிழ்ச் சொல் இன்று மீண்டும் மக்கள் நாவில் வழங்குவதற்கும் இம்முயற்சிகள் துணை செய்தன. 2022இல் தமிழக அரசு பாறு பாதுகாப்பிற்கென மாநில அளவில் ஒரு குழுவை அமைத்தது. தமிழ்நாடு, கருநாடகம், கேரளம் ஆகிய மூன்று மாநில வனங்களிலும் ஒருங்கே எடுத்த கணக்கில் 2023 பிப்ரவரியில் 246 பாறுகளும், அதே ஆண்டு டிசம்பரில் 320 பாறுகளும் காணப்பட்டன. எண்ணிக்கை சிறிதே, ஆயினும் அணையவிருந்த விளக்கில் மீண்டும் சுடர் தெரிகின்றது.

மலாயா மண்ணிலும் இருந்த பறவை

பாறு இந்நாட்டிற்கு அந்நியமானதன்று. மலாயாத் தீபகற்பத்தின் வடபகுதியில் ஒரு காலத்தில் வெண்முதுகுப் பாறும் செம்முகப் பாறும் வாழ்ந்தன. இங்கு அவை மறைந்தது டைக்ளோஃபெனாக் வருவதற்கு முன்னரே ஆகும். காட்டு விலங்குகள் குறைந்ததும், இறந்த கால்நடைகள் திறந்தவெளியில் கிடைக்காது போனதும் தென்கிழக்காசியாவெங்கும் அவற்றின் உணவை இல்லாமற் செய்தன. தாய்லாந்தின் ஹுவாய் கா கேங் வனத்தில் 1992ஆம் ஆண்டு, வேட்டைக்காரர்கள் புலிக்கு வைத்த நஞ்சுண்ட மான் உடலைத் தின்று எஞ்சியிருந்த செம்முகப் பாறுகள் மடிந்தன. இன்று தென்கிழக்காசியாவில் அவற்றின் முதன்மைப் புகலிடம் கம்போடியாவே.

2021 டிசம்பரில் சிங்கப்பூர்ப் பூமலையில் இமயமலைப் பாறுகள் சில வந்து இறங்கின. அவற்றோடு இந்நாட்டினர் முன்பு கண்டிராத பெரிய கரும்பாறு ஒன்றும் வந்தது. சோர்ந்து நிலத்தில் கிடந்த அப்பறவையை மீட்டு, பறவைப் பூங்காவில் உணவளித்துப் பேணி, 2022 சனவரியில் மீண்டும் வானில் விட்டனர். வழிதவறி வந்த ஒரு பறவைக்காக ஒரு நகரமே கவலை கொண்டது. விருந்தோம்பும் பண்பு பறவைக்கும் உரியது என்பதற்கு இது நல்லதொரு சான்றாகும்.

நிறைவாக

முன்னாளில் கழுக்குன்றில் கழுகு வாராத நாளில், கூடியிருப்போருள் பாவி யாரோ என்று மக்கள் ஒருவரையொருவர் நோக்கினர். இன்று அக்கேள்விக்கு விடை கிடைத்துள்ளது. பாவம் ஒரு தனி மனிதனுடையதன்று. தான் இடும் மருந்து எங்கே செல்லும் என்று எண்ணாத ஒரு காலத்தின் குற்றம் அது. அக்குற்றத்திற்குக் கழுவாயும் உண்டு என்பதை நேபாளத்துச் சிற்றூரும் மாயாற்றுக் கரையும் காட்டி வருகின்றன. கோசாலைகளுக்குப் பொருளுதவி செய்யும் அன்பர்கள், அங்கே பேணப்பெறும் மாடுகளுக்குப் பாறுகளைக் கொல்லாத மருந்தே இடப்பெறுகின்றதா என்று ஒரு சொல் கேட்டறிந்தால், அதுவும் சடாயுவிற்குச் செய்யும் ஒரு தொண்டாகும்.

கந்தசிஷ்யன் அளித்ததை நரசிங்கன் காத்தான். நரசிங்கன் காத்ததை ஆதித்தன் புதுப்பித்தான். உயிரினங்களும் அவ்வாறு வழிவழியாகக் காக்கப்பட வேண்டிய கொடையே ஆகும். வேதகிரியின் உச்சிப் பாறையில் மீண்டும் ஒரு நண்பகலில் இரண்டு வெண்சிறகுகள் வந்து இறங்க, வேதகிரீசுவரர் திருவருள் துணை நிற்பதாக!